அகலத் திரையில் ஒரு பொட்டு

தோளில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரை வாங்கப் போனவள் இந்தக் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கச்சிராயபாளையத்தில் வீட்டு முன்னறையிலேயே எனக்குத் தையல் கடை. அன்று காலை ஒரு ஜாக்கெட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். "பஸ்ஸு வந்துரும், கெளம்பு" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தியதில் டேப்பைக் கழற்ற மறந்து பஸ் ஏறிவிட்டேன். பிறகு பார்த்தால் மறந்ததே நல்லதாகப் போயிற்று.

எங்களுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் திரை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கரும்பு லாரி டிரைவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை. அரவை தொடங்கிவிட்டால் வயலுக்கும் சர்க்கரை ஆலைக்கும் நடுவில்தான் அவர் குடித்தனம். அரவை இல்லாத மாதங்களில் கல்வராயன் மலைக்கு மேலே வெள்ளிமலை வரை லோடு கொண்டுபோவார். போன அரவையில் லோடுக்குக் கயிறு இழுத்துக் கட்டும்போது வளைந்து நின்ற கரும்பு ஒன்று துள்ளி இடது கண்ணில் அடித்துவிட்டது. புதுச்சேரி வரை கொண்டுபோய்ப் பார்த்தோம். கண் இருக்கிறது, பார்வை இல்லை. எதிரே நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

"ஒரு கண்ணை வெச்சுக்கிட்டு எல்லா வேலையும் செய்யலாம். ஆனா கிட்ட எது, தூரம் எதுன்ற கணக்கு தப்பும். லோடு வண்டி மட்டும் வேணாம்" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு பேச்சே நின்றுவிட்டது. காலையில் எழுந்து வாசலில் நிற்பார். ரோட்டில் போகிற வண்டி எந்த கியரில் போகிறது என்று காதாலேயே கேட்பார். உள்ளே வந்து படுத்துக்கொள்வார். சோறு போட்டால் சாப்பிடுவார். போடாவிட்டால் கேட்கவும் மாட்டார். சண்டைக்கு வந்தாலாவது பரவாயில்லை என்று நான் வேண்டுமென்றே குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் லாரி ஓனர் வந்து போக ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சீசனுக்கு ஆள் கிடைக்காத அவசரம் அவருக்கு. "காட்டுலருந்து ஆலைக்குத்தானப்பா, அந்தாண்ட இந்தாண்ட போவ வேணாம். ஒனக்குத் தெரியாத ரோடா? அரவை ஆரம்பிச்சதும் வந்து சாவிய வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போனதும் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ரோடுதான் ஞாபகம் வரும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வருகிற பிள்ளைகள், மாட்டு வண்டிகள், களை எடுத்துவிட்டு வரிசையாக நடந்து வருகிற பெண்கள் எல்லோரும் அந்த ரோட்டில்தான் வருகிறார்கள். கரும்பு லோடு அதே ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். போனது ஒரு கண். இருப்பது இன்னொரு கண்ணும் ஓர் உயிரும். அது மட்டுமா, ரோட்டில் போகிறவர்கள் உயிர் யார் வீட்டு உயிர்? நான் கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். "நீ ஊசில நூலு கோக்க ஒரு கண்ண மூடிக்கிற இல்ல? ஒத்தக் கண்ணு போதும்" என்று ஒரே போடாகப் போட்டார்.

எங்கள் மகள் சென்னையில் வீடியோ எடிட்டிங் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்து வேலை செய்த நாளில் வாங்கிய கம்ப்யூட்டர் இங்கேதான் கிடந்தது. வேலைக்கென்று வாங்கியதால் கொஞ்சம் வலுவான பெட்டி. அதோடு இருந்த பழைய திரை மட்டும் ஓர் ஐப்பசி மாத இடியில் போய்விட்டது. போனில் அவள்தான் யோசனை சொன்னாள்.

"அம்மா, லாரி ஓட்ற கேம் ஒண்ணு இருக்குது. அப்பாவுக்குப் போட்டுத் தரன். கூட வேல செய்றவங்க ஒருத்தர் பழைய ஸ்டீரிங்கும் பெடலும் தராரு, அனுப்பி வுடறன். நீங்க திரை மட்டும் வாங்கிக்கோங்க. அகலமா வாங்குங்க, கம்மி விலைலயே நல்லது வருது. படமும் பாக்கலாம்."

கடைசி வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். எனக்குப் படம் என்றால் உயிர். செல்போனில் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். அதிலும் மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை. பாதிப் படத்தை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் உட்கார வேண்டும், நான் படம் பார்க்க வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினோம்.

கள்ளக்குறிச்சிக் கடையில் சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. யம்மாடி, அந்த மீனின் செதிலை எண்ணலாம்! நான் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். கடைக்காரர் நரைத்த தலை. நாளெல்லாம் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன மனிதர்.

"கேமுக்கா, படத்துக்காம்மா?"

"ரெண்டுத்துக்குந்தாங்க."

"யாரு வெளயாடப் போறது? பையனா?"

"இவருதான்" என்று வீட்டுக்காரரைக் காட்டினேன். நரைத்த மீசையும் தோளில் துண்டுமாக நின்றவரைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு வியாபாரம் முக்கியம் என்று முகத்தைச் சரிசெய்துகொண்டு விளக்க ஆரம்பித்தார். ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை படம் மாறுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸாம். படத்துக்கு அறுபது போதுமாம். வண்டி ஓட்டுகிற கேமுக்கு நூறு இருந்தால் ரோடு வழுக்கிக்கொண்டு போகுமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இஞ்சுக்குத் தையல் அதிகமாக விழுந்தால் கழுத்து வளைவு பிசிறில்லாமல் வரும், அதே கதைதான்.

"இது இருபத்தேழு இஞ்சு" என்று ஒன்றைக் காட்டினார். தோளில் டேப் இருக்கும்போது சும்மா விடுவேனா? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வைத்து அளந்தேன்.

"இன்னாங்க இது, மூணு இஞ்சுக்கு மேல கம்மியா இருக்குது!"

"மூலைக்கு மூலை அளக்கணும்மா. குறுக்கால."

"மூலைக்கு மூலையா? நான் இப்டி அளந்து ஜாக்கெட் தெச்சுக் குடுத்தன்னா மறுநாளே கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்!"

கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. திரைகளைப் பார்க்காமல் கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று திரைகள் எடுத்து வைக்கப்பட்டன. ஒன்று நான் அளந்த இருபத்தேழு, நல்ல சதுரமான உடம்பு. ஒன்று வளைந்த திரை. விலையைக் கேட்டதும் தொடாமலே ஒதுக்கிவிட்டோம். இன்னொன்று இருபத்தொன்பது என்றார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. நீளத்தில் மற்றதைவிட நாலு விரற்கடை அதிகம், உயரத்திலோ இரண்டு விரற்கடை குறைவு. மேல்துண்டை மடித்து நிறுத்தியது போல இருந்தது. பெரிய நம்பர் சொல்லிச் சின்னத் துணியைக் கொடுக்கிறானே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். உயரமானதே இருக்கட்டும் என்று நான் முடிவு கட்டிய நேரத்தில் கடைக்காரர் இரண்டிலும் லாரி ஓட்டுகிற கேம் வீடியோவைப் போட்டார். டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி ஸ்டீரிங், முன்கண்ணாடி, எதிரே ரோடு.

ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எப்போது திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் நீளத் திரைக்கு முன்னால் குனிந்து நிற்கிறார்.

"இந்தா, இங்க பாரு. இதுல லெஃப்ட் கண்ணாடி தெரியுது."

ஆமாம். உயரமான திரையில் இடது பக்கக் கண்ணாடி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. நீளத் திரையில் வலது கண்ணாடி, இடது கண்ணாடி, நடுவில் ரோடு, எல்லாம் இருந்தன. இவர் தலையைத் திருப்பாமல் அங்கே ஒரு பார்வை, இங்கே ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் ஆசையாகப் பேசிய பேச்சு அது. அப்புறம் எனக்கு உயரமாவது அகலமாவது!

"இதையே போடுங்க" என்றேன். ஆனாலும் கடைசியாக ஒரு சோதனை வைத்தேன். நான் மிஷினில் உட்கார்ந்து பக்கவாட்டிலிருந்துதான் படம் பார்ப்பேன். அதனால் கடையின் ஓரத்துக்குப் போய் நின்று பார்த்தேன். படத்தின் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. திரையும் கண்ணாடி போலப் பளபளக்காமல் இருந்தது. "டியூப் லைட் எதிரடிக்கக் கூடாதுன்னுதான் அப்டி. மேல ஒரு பூச்சு இருக்குது. கை மட்டும் வெச்சுறாதீங்க" என்று கடைக்காரர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

திரும்பும்போது பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் இவரே தூக்கிக்கொண்டார். டவுன் பஸ்ஸில் ஏறும்போது படி இருக்கிற இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கால் வைத்துத் தடுமாறினார். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்கப் பெட்டியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தார்.

மகள் போனில் சொல்லச் சொல்ல ஒயரை மாட்டினோம். அப்புறம் அவள் சென்னையில் இருந்துகொண்டே எங்கள் வீட்டுப் பெட்டியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் தொடவில்லை, திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது! பெட்டி பெட்டியாகத் திறந்தது, மூடியது. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்து வேலை செய்வது போல இருந்தது. "நாந்தாம்மா, பயப்படாத" என்று போனில் சிரித்தாள். பிள்ளையைப் பெற்றது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் என் ஆசைக்கு ஒரு படம் போட்டாள். சத்தம் வரவில்லை. கம்மி விலைத் திரைக்குள் ஸ்பீக்கரே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய ஸ்பீக்கரைத் தேடி எடுத்து மாட்டினோம். படம் ஓடியது. மேலே கறுப்பில்லை, கீழே கறுப்பில்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு வயல், அதன் நடுவில் புள்ளியாக ஒரு ஆள் நடந்து வருகிறான். செல்போனில் நூறு தடவை பார்த்த படம்தான். அந்த வயல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஜாக்கெட் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒரு தையலும் ஓடவில்லை.

இரண்டு நாளில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று வீட்டில் இருக்கிற அரிவாள், கத்தரிக்கோல், மிக்சி வரைக்கும் பொட்டு வைப்போம். வருஷா வருஷம் இவருக்கு லாரிதான் பூஜை. கழுவித் துடைத்து, முன்கண்ணாடியின் நடுவில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, அதன்மேல் கட்டைவிரலால் குங்குமம் வைப்பார். அந்த வருஷம் லாரி இல்லை. நான் தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கலை இறக்கப் போனேன். திரும்பி வந்தால், இவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு நிற்கிறார். மகள் அனுப்பிய ஸ்டீரிங்குக்குப் பூ. கிளட்ச் பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம். புத்தம் புதுத் திரையின் நடுவில் மூன்று விரல் சந்தனம், அதன்மேல் நல்ல அழுத்தமாகக் குங்குமம்!

"ஐயய்யோ, கை வெக்கக் கூடாதுன்னு அந்தாளு தலதலயா அடிச்சிக்கினாரே!"

"பொட்டு வெக்காத வண்டிய எடுப்பாங்களா?" என்றார் அமைதியாக. பிறகு சூடம் காட்டிவிட்டு சீட்டில் குந்தி, காலால் கிளட்ச்சை அழுத்தினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை. கொஞ்சம் சோப்பு தொட்டுத் தேய்த்தேன். பூச்சு அங்கே மட்டும் போய், மொச்சைக்கொட்டை அளவுக்கு மங்கிய சிவப்பாகக் கறை நின்றுவிட்டது. என் படத்தில் கதாநாயகி நடுவில் வந்து நின்றால் நெற்றியிலோ மூக்கிலோ அந்தக் கறை உட்கார்ந்துகொள்ளும். அழுகை வந்தது. இவரோ அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஓட்ட ஆரம்பித்தார் பாருங்கள்! முதல் நாள் கொஞ்சம் தடுமாறினார். அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? அந்த கேமில் நம் ஊர் கிடையாது. ஏதோ வெளிநாடு, மலையெல்லாம் பனி. இவர் அதில் ஏறிக்கொண்டே, "இது மொத வளைவு. இங்க ஹாரன் அடிக்கணும். இந்தா, இந்த எறக்கத்துல ரெண்டாவது கியரு, பிரேக்க நம்பக் கூடாது" என்று வெள்ளிமலை ரோட்டைச் சொல்லிக்கொண்டே போவார். பனி பெய்கிற ஊரில் எங்கள் மலை ரோடு! ஒரு கையால் ஸ்டீரிங் சுற்றுகிற அழகு, வளைவுக்கு முன்னாலேயே தோள் சாய்கிற விதம்... இத்தனை வருஷம் இந்த மனிதருக்குச் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறேன், இவர் செய்கிற வேலையை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. கரும்பு வண்டியில் பெண்களுக்கு என்ன வேலை என்று என்னை ஏற்றியதே இல்லை. மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது, வாய்விட்டுச் சொன்னேன்கூட.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தீபாவளி கழிந்ததும் ஒரு நாள் மலையிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் லோடு இறக்கி முடித்து, இவர் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? ஒரு எடத்துல இடிச்சனா? ஒரு எடத்துல தப்புனனா? ஒத்தக் கண்ணுலதான ஓட்டனன்? அரவை ஆரம்பிச்சதும் வண்டி எடுக்கறன்னு ஓனராண்ட சொல்லிட்டன்."

வீட்டில் கட்டிப்போட வாங்கியது, அவரை ரோட்டுக்குத் தள்ளுகிறது! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். "அது வெளயாட்டுங்க" என்றேன். "வெளயாட்டா? நெசத்தவிட இதுதான் கஷ்டம்" என்றார். இடிக்காமல் ஓட்டியதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு நான் எதைச் சொல்லி மறுப்பது?

அதே வாரத்தில் ஒரு மத்தியானம், ஓட்டிக்கொண்டே தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்.

"இது ஒண்ணுதான் புரியல. லாரில ரோட்ட பாத்துக்கினு போனா கண்ணாடில இருக்கற பொட்டு ரெண்டா பிரிஞ்சு தெரியும். நெழலு மாதிரி. அதுக்கு நடுவுலதான் ரோடு போவும். இதுல ஒண்ணாவே நிக்குது."

"கறை எப்டிங்க ரெண்டா தெரியும்?" என்றேன்.

"தெரியும். எந்த டிரைவர வேணும்னாலும் கேளு" என்று சொல்லிவிட்டு அடுத்த வளைவுக்குப் போய்விட்டார்.

எனக்கு அது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. அவர் டீக்கடைக்குப் போன பிறகு கதவோரம் வந்து நின்றேன். எதிரே தூரத்தில் மலை. முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நிறுத்தி, விரலைப் பார்க்காமல் மலையைப் பார்த்தேன். அடேங்கப்பா! இரண்டு விரல்! இரண்டும் புகை மாதிரி, அதற்குப் பின்னால் மலை தெரிகிறது. விரலைப் பார்த்தால் விரல் ஒன்றாகிறது. மலையைப் பார்த்தால் இரண்டாகிறது. பிறந்ததிலிருந்து இந்தக் கண்களோடுதான் இருக்கிறேன், இப்படி ஒரு கூத்து நடப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே! மெய் சிலிர்த்துப்போய் அங்கேயே நின்றேன். தெருவில் போனவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

பிறகு இடது கண்ணை மூடினேன். ஒரே விரல்தான். கட்டை மாதிரி நின்று மலையை மறைத்தது. மலை கிட்டத்தில் இருக்கிறதா, விரல் தூரத்தில் இருக்கிறதா, ஒன்றுமே சொல்ல முடியவில்லை. ஒரு கண்ணோடேயே டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பாதி தரையில் கொட்டியது.

திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் நிறுத்திவிட்டுப் போன ரோடு அப்படியே நின்றது. இரண்டு கண்ணாலும் ரோட்டின் கோடியைப் பார்த்தேன். கறை ஒன்றுதான். இடது கண்ணை மூடினேன். ஒன்றுதான். மூடுவதற்கு முன்னால் இருந்த படத்துக்கும் மூடிய பிறகு இருந்த படத்துக்கும் கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை. ரோடும் மலையும் பொட்டும் ஒரே தட்டையான பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆமாம்மா. திரைக்குள்ள ஆழம் கெடையாது. அதுல எல்லாருக்கும் ஒத்தக் கண்ணுதான்" என்றாள். ஊசியில் நூல் கோக்க ஒத்தக் கண்ணு போதும் என்று அவர் சொன்னதற்கும் அப்போதுதான் பதில் கிடைத்தது. ஊசி என் மூக்குக்கு முன்னால் என் கையில் இருக்கிறது. ரோட்டில் வருகிற சைக்கிள் யார் கையில் இருக்கிறது?

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தத் திரைக்குள் மட்டும்தான் அவர் முழு மனிதராக உட்கார்ந்திருக்கிறார். அதையும் பிடுங்கினால் மறுபடியும் படுத்துக்கொள்வார். சொல்லாவிட்டால் வண்டி எடுப்பார். சோறு இறங்காமல் நாட்களைக் கழித்தேன்.

அரவை தொடங்கியது. அன்று காலை குளித்து, காக்கிச் சட்டை போட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். நான் கத்தப்போகிறேன் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டார். நான் கத்தவில்லை.

"நான் தடுக்கலங்க. வண்டிக்குப் பூஜ போட்டு ஓனரு கண்ணாடில பொட்டு வெச்சிருப்பாரு. சீட்ல குந்தி ரோட்ட பாருங்க. பொட்டு ரெண்டா பிரிஞ்சுதுன்னா சாவியப் போட்டு எடுங்க. ஒண்ணாவே நின்னுதுன்னா எறங்கிடுங்க. என்னாண்ட ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்களே பாத்துக்கோங்க."

அவர் என்னைப் பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் எனக்குப் பொய் சொல்லலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வண்டி விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் வழிவிட்டேன்.

மிஷினில் உட்கார்ந்தேன். ஓட்டிய தையல் எல்லாம் கோணல். தெருவில் கரும்பு லாரி போகிற ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடிப் பார்த்தேன். ஓட்டிக்கொண்டு போவது யார் என்று பார்ப்பதற்குள் வண்டி போய்விடும். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன், திட்டவும் திட்டினேன். வெயில் ஏறிய பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்து துண்டை மடித்து வைத்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். சொம்பை வாங்கும்போது அவர் கை முதலில் காற்றைத்தான் பிடித்தது, இரண்டாவது தடவைதான் சொம்பைப் பிடித்தது. குடித்து முடித்தார்.

"நல்லாத்தான் வெச்சிருந்தாரு பொட்டு" என்றார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "கல்லு மாதிரி நின்னுது. எதுக்க ரோட்ல ஒரு புள்ள சைக்கிள்ல போச்சு. பொட்டு அத அப்டியே மறைச்சுடுச்சு" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். பார்வை போன கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. அதைக் கண்டு எனக்கு இன்னும் அதிகமாக அழுகை வந்தது.

சாப்பிட்ட பிறகு படுக்கப் போவார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டார். லாரி வெளிச்சத்தோடு வந்து நின்றது. ஸ்டீரிங்கைப் பிடித்தவர் ஓட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். "கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா, இந்தக் கறைக்கு எதனா வழி இருக்குதான்னு?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"வேணாம். இருக்கட்டும்" என்றார். பிறகு இடது பக்கத்து ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டார். "வா. குந்து."

"நானா?"

"கிளீனர் இல்லாம மலை ஏறுவாங்களா? லெஃப்ட்ட நீ பாத்து சொல்லணும்."

லெஃப்ட் கண்ணாடி அந்தத் திரையில் அவருக்கே நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அதை வாங்கினோம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் நான்தான் அவருக்குத் தெரியமாட்டேன். இருந்தாலும் போய் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் நான் ஏறியது அன்றுதான். பனி மலை மேலே மேலே எழும்பி நின்றது, ரோடு அதைச் சுற்றிச் சுற்றிப் போனது. சத்தம் போடாமல் என் இடது கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பார்க்கிற ரோடு எனக்கு அப்படியே தெரிந்தது, ஒன்றும் குறையவில்லை.

"இன்னா, லெஃப்ட்ல எதனா வருதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வரல" என்றேன். "போலாம், ரைட்."